பழைய பிளாப்பியை நான்கு முறை வாசிக்க வேண்டும்

1985 ஜூலையில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் கமடோர் நிறுவனம் அமிகா கணினியை அறிமுகம் செய்தது. அந்த மேடையிலேயே ஓவியர் ஆண்டி வார்ஹோல் உட்கார்ந்து, பாடகி டெபி ஹாரியின் முகத்துக்கு மவுஸைப் பிடித்து வண்ணம் தீட்டிக் காட்டினார். அதன்பின் அவர் தனியாகவும் சில படங்களை அமிகாவில் வரைந்து பிளாப்பி டிஸ்க்குகளில் சேமித்தார். 1987இல் இறந்துபோனார். டிஸ்க்குகள் பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று வெகுகாலம் யாரும் பார்க்கவில்லை.

கோரி ஆர்கேஞ்சல் என்ற கலைஞர் அந்தப் பழைய மேடைக் காட்சியின் வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்தப் படங்கள் எங்கே என்று கேட்கத் தொடங்கினார். அதே ஊரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாணவர் கணினி மன்றம் துணைக்கு வந்தது. டிஸ்க்கின் காந்தப் பதிவை அப்படியே பிரதி எடுக்கும் கிரையோஃபிளக்ஸ் என்ற கருவியை வைத்துக்கொண்டு டிஸ்க்குகளைப் படித்தார்கள். கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன. ஒன்று கேம்பல் சூப் டப்பாவின் பெயரில் இருந்தது, இன்னொன்று மர்லின் பெயரில். ஆனால் எந்த மென்பொருளாலும் அவற்றைத் திறக்க முடியவில்லை. அமிகாவின் தொடக்க நாட்களில், வெளியீட்டுக்கு முந்தைய மென்பொருள் எழுதிய வடிவம் அது. அதன் அமைப்பை ஒவ்வொரு பைட்டாகப் பார்த்து ஊகித்து உடைத்த பிறகுதான் சூப் டப்பாவும், மூன்று கண்களோடு இருக்கும் போத்திச்செல்லியின் வீனஸும் திரையில் வந்தன. 2014 ஏப்ரலில் அதை உலகுக்கு அறிவித்தார்கள்.

இந்தக் கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் ஒன்று உண்டு. டிஸ்க்கைப் படித்தாயிற்று, கோப்பும் வந்துவிட்டது, ஆனாலும் படம் இல்லை. பழைய பிளாப்பியைப் ‘படிப்பது’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நான்கு வாசிப்புகள். முதலில் காந்தத்தைத் துடிப்பாக வாசிக்க வேண்டும், பிறகு துடிப்பைப் பைட்டாக, பைட்டைக் கோப்பாக, கடைசியில் கோப்பை எழுத்தாகவோ படமாகவோ. இந்த நான்கில் முதலாவதை மட்டும்தான் டிஸ்க் உயிரோடு இருக்கும்போது செய்தாக வேண்டும். மற்ற மூன்றையும் பத்து வருடம் கழித்தும் செய்யலாம். வீட்டில் பழைய பிளாப்பி வைத்திருக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் வாசிப்பிலிருந்து தொடங்குவோம். பிளாப்பி என்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன்மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு. டிரைவின் படிக்கும் முனையான ஹெட் அந்தப் பூச்சை உரசிக்கொண்டே ஓடும். பூச்சில் காந்தத்தின் திசை புரளும் ஒவ்வோர் இடத்திலும் டிரைவ் ஒரு மின்துடிப்பை அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. டிரைவின் பின்னாலிருக்கும் 34 இழைப் பட்டைக் கேபிளைப் பாருங்கள். மோட்டாரை ஓட்டு, ஹெட்டை ஒரு தடம் (டிஸ்க்கின் ஒரு வட்டப் பாதை) நகர்த்து, இந்தப் பக்கத்தைப் படி என்ற கட்டளைகள் ஒரு திசையில் போகும். எதிர்த்திசையில் அந்தத் துடிப்புகளும், ஒரு சுற்று முடிந்தது, ஹெட் முதல் தடத்தில் நிற்கிறது, இந்த டிஸ்க்கில் எழுதக் கூடாது போன்ற சில சமிக்ஞைகளும் வரும். கோப்பு என்றால் என்ன, தடத்தின் ஒரு துண்டான செக்டர் என்றால் என்ன, பைட் என்றால் என்ன, எதுவுமே டிரைவுக்குத் தெரியாது.

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அமிகாவின் 3.5 அங்குல டிரைவும் பிசியின் 3.5 அங்குல டிரைவும் இயந்திரமாகப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுதான். அமிகா டிஸ்க்கைப் பிசியில் போட்டால் ஹெட் துடிப்புகளை ஒழுங்காகவே எடுத்துத் தரும். அந்தத் துடிப்புகளை வாங்கிப் பொருள் சொல்லும் கன்ட்ரோலர் சிப்தான் கைவிரித்துவிடும். ஐபிஎம் பிசியில் இருந்தது என்இசி நிறுவனத்தின் 765 சிப். ஐபிஎம் முறைப்படி தலைப்பு, இடைவெளி, சோதனை எண் எல்லாம் வைத்து எழுதிய செக்டர்கள் வந்தால் மட்டும் அது வாய் திறக்கும். அமிகாவோ ஒரு தடம் முழுவதையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்கு இழுத்துக்கொண்டு, பிறகு மென்பொருளால் பிரித்துக்கொள்ளும். செக்டர்களுக்கு நடுவே இடைவெளி தேவைப்படாததால் ஒரு தடத்தில் 11 செக்டர் அடைக்க முடிந்தது. பிசியில் அதே டிஸ்க்கில் 9 செக்டர்தான். அதனால்தான் பிசியில் 720 கிலோபைட் பிடித்த அதே டிஸ்க், அமிகாவில் 880 பிடித்தது.

சரி, துடிப்பில் தகவல் எங்கே இருக்கிறது? அடுத்தடுத்த இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கழியும் நேரத்தில் இருக்கிறது. சாதாரண இரட்டை அடர்த்தி டிஸ்க்கில் அந்த இடைவெளி 4, 6, 8 மைக்ரோவினாடி என்ற மூன்று அளவுகளில் ஒன்று. ஒரு சுற்றுக்கு 200 மில்லிவினாடி ஆகும். அதற்குள் ஏறத்தாழ நாற்பதாயிரம் துடிப்புகள் வந்துபோகும்.

ஒன்று என்றால் துடிப்பு, பூஜ்யம் என்றால் அமைதி என்று எளிமையாக எழுதிவிட்டால் என்ன என்று தோன்றும். அது நடக்காது. நூறு பூஜ்யங்கள் வரிசையாக வந்தால் அந்த அமைதியின் நீளத்தைத் துல்லியமாக அளக்க முடியாது. டிஸ்க் சுற்றும் வேகம் எப்போதும் கொஞ்சம் கூடிக் குறைந்துகொண்டிருக்கும், 99 பூஜ்யமா 101 பூஜ்யமா என்று தெரியாது. மறுபக்கம், துடிப்புகள் மிக நெருங்கினால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதைத் தள்ளி, இடம் மாற்றிக் காட்டும். ஆக, ரொம்ப நெருங்கவும் கூடாது, ரொம்ப விலகவும் கூடாது. யாப்பில் அசைகளுக்கு வரம்பு வைப்பதுபோலத்தான் இதுவும். எந்த பைட் வந்தாலும் துடிப்புகள் இந்த வரம்புக்குள் அடங்கும்படி மாற்றி எழுத ஒரு விதி வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு விதி வைத்துக்கொண்டது.

ஐபிஎம்மின் ஆரம்பகால 8 அங்குல டிஸ்க்குகளில் ஒவ்வொரு தகவல் பிட்டுக்கும், அதாவது ஒவ்வொரு ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும், முன்னால் ஒரு கடிகாரத் துடிப்பு வைத்தார்கள். எஃப்எம் என்று பெயர். பாதி இடம் கடிகாரத்துக்கே போய்விடும். பின்னால் வந்த எம்எஃப்எம் முறையில், இரண்டு பூஜ்யங்கள் அடுத்தடுத்து வந்தால் மட்டும் நடுவே கடிகாரத் துடிப்பு வைத்தார்கள். அதே டிஸ்க்கில் இரண்டு மடங்கு கொள்ளளவு வந்தது. இரட்டை அடர்த்தி என்று அட்டையில் அச்சிட்டிருந்தது இதைத்தான்.

ஆப்பிள் வேறு வழியில் போனது. 1978இல் ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த டிஸ்க் டூ டிரைவின் கன்ட்ரோலர் அட்டையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சிப்கள். மற்றவர்கள் வன்பொருளில் செய்த வேலையை அவர் கணினியின் மையச் செயலியிடம், மென்பொருளாக ஒப்படைத்தார். துடிப்பு வரம்பை மீறாத எட்டு பிட் வடிவங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு குறியீடாக வைத்துக்கொண்டார். முதலில் ஐந்து பிட் தகவலை எட்டு பிட்டாக எழுதியதால் ஒரு தடத்தில் 13 செக்டர் கிடைத்தது. 1980இல் ஆப்பிளின் டிஸ்க் இயங்குதளமான டாஸ் 3.3 வந்தபோது ஆறு பிட் தகவல் எட்டு பிட்டானது, 16 செக்டர் கிடைத்தது. 35 தடம், 16 செக்டர், செக்டருக்கு 256 பைட் என்று பெருக்கினால் 1,43,360 பைட். டிரைவ் அதேதான், டிஸ்க்கும் அதேதான், எழுதும் விதியை மாற்றியதிலேயே இடம் கூடிவிட்டது. எனக்கு இது இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

கமடோர் 64 கணினிக்கான 1541 டிரைவ் இன்னும் விசித்திரம். அந்த டிரைவுக்குள்ளேயே தனிச் செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் இருந்தன. டிரைவே ஒரு குட்டிக் கணினி. டிஸ்க்கின் வெளித் தடம் நீளமானது, உள் தடம் குட்டையானது. பிசி இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் செக்டர் வைத்து வெளியே இருக்கும் இடத்தை வீணாக்கியது. 1541 வீணாக்கவில்லை. வெளியே இருக்கும் 17 தடங்களில் 21 செக்டர், அடுத்த 7இல் 19, அதற்கடுத்த 6இல் 18, கடைசி 5இல் 17. மொத்தம் 683 செக்டர். கோப்புப் பட்டியலை 18ஆம் தடத்தில், டிஸ்க்கின் நடுவே வைத்தார்கள். ஹெட் எந்தப் பக்கம் போனாலும் பாதித் தூரம்தானே. முதல் மெகின்டோஷும் இதே கணக்கைப் போட்டது, ஆனால் எழுதும் வேகத்தை மாற்றாமல் டிஸ்க் சுற்றும் வேகத்தை மாற்றியது. உள்ளே போகப் போக மோட்டார் வேகமெடுக்கும். அந்த 400 கிலோபைட் டிஸ்க்கைப் பிசியில் போட்டால் கன்ட்ரோலருக்கு ஒன்றும் புரியாது.

இந்த எல்லா வகைக்கும் ஒரே பதிலாக வந்தவைதான் ஃபிளக்ஸ் கருவிகள். கிரையோஃபிளக்ஸ், சூப்பர்கார்ட் ப்ரோ, ஆப்பிள் டிஸ்க்குகளுக்கென்றே வந்த ஆப்பிள்சாஸ், வடிவமைப்பு முழுவதும் திறந்தமூலமாகக் கிடைக்கும் கிரீஸ்வீசல் என்று பல உண்டு. கன்ட்ரோலர் சிப்பை ஒதுக்கிவிட்டு, பெரும்பாலும் சாதாரணப் பிசி டிரைவின் கேபிளை இந்த அட்டையில் செருகி, அட்டையை யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைக்கிறோம். துடிப்புக்குப் பொருள் என்ன என்று அட்டை யோசிப்பதே இல்லை. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே எத்தனை நேரம் என்று மட்டும் அளந்து கோப்பில் எழுதிக்கொள்கிறது. ஒரு தடத்தை ஐந்து சுற்று கேட்டாலும் ஒரு வினாடிதான். இரண்டு பக்கமும் சேர்த்து 160 தடம் என்றால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மெகின்டோஷின் மாறும் வேகம்கூட இங்கே பிரச்சினை இல்லை. ஒரே வேகத்தில் சுற்றும் பிசி டிரைவில் அந்த இடைவெளிகள் தடத்துக்குத் தடம் சுருங்கியும் விரிந்தும் வரும், மென்பொருள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பல சுற்றுகள் கையில் இருப்பதால், ஒரு சுற்றில் தடுமாறிய செக்டர் மூன்றாம் சுற்றில் சரியாக வந்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். செக்டருக்குப் பின்னால் எழுதியிருக்கும் சோதனை எண் பொருந்துகிறதா என்று பார்த்தால் சரியானது எது என்று தெரிந்துவிடும்.

கடையில் கிடைக்கும் யுஎஸ்பி பிளாப்பி டிரைவை வாங்கினால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உங்களிடம் இருப்பது பிசியில் எழுதிய 1.44 மெகாபைட் டிஸ்க், நல்ல நிலையில் இருக்கிறது என்றால் போதும். அது தாண்டிய பெரும்பாலானவற்றுக்குப் போதாது. அந்த டிரைவுக்குள்ளேயே கன்ட்ரோலரை மூடி வைத்துவிட்டார்கள், துடிப்பைக் கேட்க வழியில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. தெரியாத வடிவ டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ், ‘இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா?’ என்று கேட்கும். டிஸ்க் காலி என்று நினைத்து ‘ஆம்’ என்று அழுத்தினால் எல்லாம் போய்விடும். டிஸ்க் காலியில்லை, அதன் மொழி அந்தக் கணினிக்குத் தெரியவில்லை.

டிரைவில் போடுவதற்கு முன்பே எழுதுவதைத் தடுத்துவிடுங்கள். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 5.25 அங்குல டிஸ்க்கில் ஓரத்திலுள்ள வெட்டை ஒட்டி மூடினால் எழுத முடியாது. 3.5 அங்குலத்தில் சிறு கதவைத் தள்ளித் துளையைத் திறந்துவைத்தால் எழுத முடியாது. 8 அங்குலத்தில் 5.25க்கு நேர் எதிர், வெட்டை மூடினால்தான் எழுத முடியும்.

பிறகு பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இருபது முப்பது வருடம் அலமாரியில் கிடந்த டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூச்சின்மேல் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அப்படியே ஓட்டக் கூடாது. நான் ஆரம்பத்தில் ஒரு டிஸ்க்கை அப்படி ஓட்டினேன். முதல் சில தடங்கள் வந்தன, பிறகு கீச்சென்று ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் பூச்சில் வட்டமாக ஒரு கீறல், பின்னால் இருக்கும் படலம் கண்ணாடிபோலத் தெரிந்தது. அந்தத் தடத்தில் இருந்தது இனி எந்தக் கருவிக்கும் கிடைக்காது. அதைவிட மோசம், ஹெட்டில் ஒட்டிய அந்தப் பொடி அடுத்த டிஸ்க்கையும் கீறும். இப்போது ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, டிஸ்க்கை மெல்லச் சுற்றித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே போடுகிறேன். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பிறகு ஹெட்டையும் துடைக்கிறேன். மோசமான டிஸ்க்கை ஒரே ஒரு முறைதான் படிக்க முடியும் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அந்த ஒரு முறையில் செக்டரை மட்டும் எடுத்தால் செக்டர்தான் மிஞ்சும், துடிப்பை எடுத்தால் எல்லாமே மிஞ்சும்.

துடிப்புக் கோப்பு கையில் வந்த பிறகு, செக்டர்களின் பைட்டுகளை மட்டும் வரிசையாக வைத்த செக்டர் இமேஜாக மாற்றுவது மென்பொருளின் வேலை. கமடோருக்கு டி64, அமிகாவுக்கு ஏடிஎஃப், பிசிக்கு ஐஎம்ஜி என்று வடிவங்கள் உண்டு. டி64 கோப்பின் அளவு 1,74,848 பைட், அதாவது மேலே சொன்ன 683 செக்டரும் 256 பைட்டும் பெருக்கி வருவது. இவை கச்சிதமானவை, ஆனால் டிஸ்க்கில் இருந்த அனைத்தும் இவற்றில் இருக்காது. பழைய விளையாட்டு நிறுவனங்கள் திருட்டுப் பிரதியைத் தடுக்க வேண்டுமென்றே பிழையான செக்டரையும், படிக்கும் ஒவ்வொரு முறையும் வேறு மதிப்பு தரும் நடுங்கும் பிட்டுகளையும் எழுதி வைத்தன. செக்டர் இமேஜில் அவற்றுக்கு இடமே இல்லை.

பைட்டைக் கோப்பாக்கும் மூன்றாம் வாசிப்பில் பிசி டிஸ்க்குகள் தொல்லை தருவதில்லை. அமிகாவும் கமடோரும் ஆப்பிளும் தத்தம் வடிவத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டார்கள். உண்மையான சிக்கல் சிபி/எம் டிஸ்க்குகளில். பிசிக்கு முந்தைய அலுவலகக் கணினிகளில் சிபி/எம்தான் பரவலான இயங்குதளம். 8 அங்குல டிஸ்க்கில் அதற்கு ஒரு பொது வடிவம் இருந்தது: 77 தடம், 26 செக்டர், 128 பைட். 5.25 அங்குலத்துக்கு அப்படி எதுவும் இல்லை. கேப்ரோ ஒரு விதம், ஆஸ்போர்ன் ஒரு விதம், எப்சன் ஒரு விதம். கோப்புப் பட்டியல் எந்தத் தடத்தில் தொடங்குகிறது, ஒரு தொகுதி எத்தனை பைட், செக்டர்களை எந்த வரிசையில் தாண்டித் தாண்டிப் படிக்க வேண்டும் என்ற விவரங்கள் டிஸ்க்கில் எழுதப்படவில்லை. அவை அந்தந்தக் கணினியின் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்குள் இருந்தன. கணினி குப்பைக்குப் போயிருந்தால் டிஸ்க்கின் திறவுகோலும் அதோடு போய்விட்டது என்று பொருள். ஆர்வலர்கள் பல வருடமாக நூற்றுக்கணக்கான இயந்திரங்களின் அளவுகளைத் தொகுத்து வைத்திருப்பதால்தான் இன்று ஊகித்தாவது திறக்க முடிகிறது.

கோப்பு வந்தது. திறந்தால்? அந்தக் காலத்தில் நிறையப் பேர் கடிதம் எழுதியது வேர்ட்ஸ்டார் மென்பொருளில். அது ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் எட்டாவது பிட்டை ஏற்றிவைக்கும், வரியைச் சீர்ப்படுத்துவதற்காக. இன்றைய எடிட்டரில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு விநோதக் குறி தொங்கும். ஆங்கிலக் கோப்பில் அந்தப் பிட்டைக் கழற்றிவிட்டால் போதும், வாசகம் தெளிந்துவிடும்.

தமிழ்க் கோப்பில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றக் கூடாது. இந்த நான்காம் வாசிப்புதான் நமக்கு மிக நெருக்கமானது. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தாலும், 80களிலும் 90களிலும் பிளாப்பியில் ஏறிய தமிழ் பெரும்பாலும் எழுத்துருவுக்குள் ஒளித்துவைத்த தமிழ். ஆங்கில எழுத்துக்கும், எட்டாவது பிட் ஏறிய மேல்பாதிக் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவிட்டார்கள். டிஸ்கி, டாம், டாப், மயிலை, பாமினி என்று ஒவ்வொன்றும் ஒரு வரிசை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு டாம், டாப் இரண்டையும் பொதுவாக்க முயன்றதே இந்தச் சிதறலைக் கண்டுதான்.

பாமினி இலங்கைத் தமிழரிடமும் புலம்பெயர்ந்தோரிடமும் மிகப் பரவலாக இருந்தது. அதன் விசைகள் பழைய தட்டச்சுப் பலகையை ஒட்டியவை. யளனக என்று விரல் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். ‘தமிழ்’ என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கோப்பில் கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தவர் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார். அப்படி எத்தனை சங்கமலர்களும் கடிதங்களும் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

மாற்றுவதும் குறிக்குக் குறி பதிலிடும் வேலை இல்லை. ‘கொ’ என்று எழுதப் பாமினியில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகள் இருக்கும். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. வரிசையை மாற்றி, முன்னும் பின்னுமாகப் பிரிந்து கிடப்பதைச் சேர்க்க வேண்டும். ஔகாரத்தில் இன்னும் சிக்கல். அதன் பின்பாதிக்குத் தனி வடிவம் இல்லாமல் ளகரத்தையே போட்டுக்கொண்டார்கள். ஆக, கொம்பு, வ, ள என்று மூன்று குறி வந்தால் அது ‘வௌ’ என்பதா, ‘வெள’ என்பதா? வெள்ளம், வெளிச்சம், வெளியூர் என்று தமிழில் இரண்டாவதுதான் கொட்டிக் கிடக்கிறது. யோசிக்காமல் முதலாவதாக மாற்றிவிடும் மாற்றிகள் உண்டு. செய்தித் தளங்களில் ‘வௌியீடு’, ‘வௌிநாடு’ என்று ஔகாரத்தின் மேல் ஒரு கொக்கியும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அங்கிருந்து வந்த பிழை. மூன்று குறிகளைத் தாண்டி நான்காவதையும் பார்த்தால் இதில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். பின்னால் இகரக் குறியோ புள்ளியோ வந்தால் முன்னால் நிற்பது ளகரம்தான். ஒன்றும் வராத இடங்களில் சொல்லைப் பார்த்துக் கையால் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

பேஜ்மேக்கர் போன்ற பக்க வடிவமைப்புக் கோப்பாக இருந்தால் எழுத்துருவின் பெயர் கோப்புக்குள்ளேயே இருக்கும், அதைத் தேடிப் பிடிக்கலாம். வெறும் உரைக் கோப்பில் இருக்காது. சில நேரம் அந்தப் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் மிஞ்சியிருக்கும்: டிஸ்க்கின் மேல் ஒட்டிய காகிதத்தில், யாரோ பால்பாயின்ட் பேனாவில் எழுதிய ‘ஆண்டு மலர், பாமினி, 2இல் 1’ போன்ற ஒரு வரியில். அதனால் நான் டிரைவை எடுப்பதற்கு முன்பே கேமராவை எடுக்கிறேன். டிஸ்க்கின் இரண்டு பக்கத்தையும் உறையையும் படம் பிடித்து, துடிப்புக் கோப்புக்கு வைத்த அதே பெயரை அந்தப் படத்துக்கும் வைக்கிறேன். அந்த வரியில் உள்ள ‘2இல் 1’ இன்னொரு டிஸ்க் எங்கோ இருக்கிறது என்றும் சொல்கிறது. அதைத் தேட வேண்டும்.